செட்டிநாட்டு வீட்டுப் பழைய படங்கள்: இறக்குவது முதல் பேர் எழுதுவது வரை

பட்டாலைச் (கூடத்துச்) சுவரில் முன்பக்கம் சாய்ந்தபடி தொங்கும் பெரிய படங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தலைப்பாகையும் கோட்டுமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஐயாவை (தாத்தாவை), வீடு பாகம் பிரிந்தாலும் பங்காளிகளில் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள். காணாமல் போவது மற்ற படங்கள்தான். இரண்டாங்கட்டில் (வீட்டின் இரண்டாம் முற்றப் பகுதியில்) உலக்கை பிடித்து நிற்கும் பெண்கள், ரங்கூன் கிட்டங்கியில் (நகரத்தார் வட்டிக்கடையில்) கணக்கெழுதும் கைப்பெட்டி முன்னால் சம்மணம் போட்ட அடுத்தாட்கள் (உதவி ஏஜெண்டுகள்), கல்யாணச் சமையலுக்கு வந்தவர்கள் அண்டாவோடு எடுத்துக்கொண்ட படம், புதுக் காரைச் சுற்றி நிற்கும் தெருப் பிள்ளைகள். இவையெல்லாம் பெட்டகத்தின் அடியிலும் மொய் நோட்டுக்குள்ளும் கிடக்கும். வீட்டைக் காலி செய்யும்போது ‘யாரென்றே தெரியவில்லை’ என்று முதலில் கழித்துக் கட்டப்படுவதும் இவைதான். அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்பதற்கு ஐயா படத்தைவிட இவைதான் நல்ல சாட்சி. ஆகவே வேலையை இவற்றை மனதில் வைத்துத் தொடங்குங்கள்.

இறக்குவதற்கு முன்

தை, மாசி மாதங்கள்தான் தோது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் படத்தின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு இளகியிருக்கும், விரல் பட்டால் ரேகை பதிந்துவிடும். சித்திரை, வைகாசியில் அதே பூச்சு காய்ந்து முறுகிக் கிடக்கும். சுருண்ட படத்தை அப்போது விரித்தால் குறுக்கே விரிசல் விழும்.

முதலில் சுவரை அப்படியே படம் எடுங்கள். முகப்பு, பட்டாலை, வளவு (நடு முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும்), மேல்மாடி என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு காகிதத்தில் கோட்டுப்படம் போட்டு, மாட்டியிருக்கும் வரிசையிலேயே எண் கொடுங்கள். யார் பக்கத்தில் யார் என்பது பல வீடுகளில் காரணத்தோடு மாட்டப்பட்டது. ஐயா படத்தை ஒட்டி, பிள்ளை கூட்டிக்கொண்ட (தத்தெடுத்த) மகனின் படம் இருக்கும். எல்லாவற்றையும் இறக்கித் தரையில் அடுக்கிவிட்டால் அந்தத் தகவல் போனது போனதுதான். பெரிய படத்தை இறக்க இரண்டு பேர் வேண்டும். கட்டியிருக்கும் கம்பி துருப்பிடித்து உள்ளே இற்றிருக்கும் என்பதால் கம்பியைப் பிடித்துத் தூக்காமல் அடிச்சட்டத்தைத் தாங்குங்கள்.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான்: மென்மையான முடியுள்ள ஓர் அங்குலப் பிரஷ் (புதிது), கேமரா லென்ஸ் ஊதும் ரப்பர் பம்ப், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சிறிய எல்இடி டார்ச், கட்டிங் பிளேயர், 2பி பென்சில், நைட்ரைல் கையுறை, முகமூடி, துவைத்துக் காய்ந்த வெள்ளை வேட்டி ஒன்று. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

சட்டத்தைத் திறப்பது

மேசையில் மடித்த துண்டை விரித்து, அதன் மேல் படத்தைக் குப்புற வையுங்கள். பின்பக்கம் ஒட்டிய பழுப்புத்தாளில் கடை முத்திரையோ கையெழுத்தோ இருந்தால் கிழிக்காமல் சுற்றிலும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் உள் விளிம்பில் சின்ன ஆணிகள் வரிசையாக இருக்கும். அவற்றை மேல்நோக்கி நெம்பினால் துருப்பிடித்த தலை ஒடிந்து அட்டைக்குள் போகும். பிளேயரால் பிடித்து, அடித்த கோட்டிலேயே நேராக வெளியே இழுங்கள்.

பின் பலகையை எடுத்ததும் அவசரப்படாதீர்கள். கண்ணாடி போட்டுக் கொடுப்பவர்கள் இடைவெளியை அடைக்கப் பழைய செய்தித்தாள், காலண்டர் தாள், சில சமயம் வேறொரு படத்தையே மடித்து வைத்திருப்பார்கள். அந்தச் செய்தித்தாளின் தேதி, சட்டம் போட்டது அதற்கு முன்னால் இருக்க முடியாது என்பதைச் சொல்லிவிடும். ஆனால் படமே அந்தத் தேதியில் எடுத்தது என்று எண்ணிவிடக் கூடாது. முப்பது வருஷம் பெட்டியில் இருந்த படத்துக்கும் பின்னால் சட்டம் போடுவார்கள்.

அடுத்து, படம் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்திலிருந்து சாய்த்துப் பார்த்தால் ஒட்டிய இடம் மட்டும் ஈரம்பட்டது போல் கறுத்து மினுங்கும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெட்டிய அட்டை வைக்காமல் நேராக அழுத்தி மூடியதால் வரும் வினை இது: மழைக்காலத்தில் பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. கத்தியை நுழைத்தாலும் தண்ணீரில் ஊறவைத்தாலும் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கண்ணாடியோடு ஸ்கேன் எடுத்துவிட்டு மறுபடி மூடுங்கள். வேறு வழி வேண்டுமென்றால் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரிடம்தான் போக வேண்டும்.

படத்தின் அடி ஓரத்தில் அலை அலையாகப் பழுப்புக் கோடு ஓடுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கூரை ஒழுகியது என்பார்கள். கோடு அடியில் மட்டும் இருந்து மேற்பகுதி சுத்தமாக இருந்தால் ஒழுக்கு இல்லை, வெள்ளி, செவ்வாய் தோறும் கண்ணாடியை நனைத்துத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்ததன் அடையாளம். வழிந்த தண்ணீர் அடிச்சட்டத்தின் பள்ளத்தில் தேங்கி, அட்டை அதை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. பொட்டு வைப்பதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கண்ணாடியில் தெளிக்காமல், பிழிந்த துணியால் நடுவில் மட்டும் துடைத்தால் போதும்.

சுத்தம் செய்வதில் செய்யக் கூடாதவைதான் அதிகம். பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் தட்டி, பம்ப்பால் ஊதினால் வேலை முடிந்தது. ஈரத்துணி, விபூதி, அழிரப்பர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் படத்தின் மேல் படக் கூடாது. கறுப்பான இடங்களில், முக்கியமாக ஓரங்களில், நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால் அதைத் தூசி என்று தேய்க்காதீர்கள். படத்திலுள்ள வெள்ளியே மேலே வந்து படிந்திருக்கிறது, தேய்த்தால் உருவம் போகும். சாய்த்துப் பார்த்து உதட்டிலும் நகையிலும் சரிகையிலும் தூரிகைக் கோடு தெரிந்தால் அது கையால் வர்ணம் தீட்டிய படம், பிரஷ்கூடப் போடாதீர்கள். பூஞ்சை பிடித்ததை மற்றவற்றிலிருந்து பிரித்து, நிழலில் காற்றாட இரண்டு மூன்று நாள் காயவிட்டு, பொடியாக உதிரும் நிலை வந்த பிறகு, முகமூடி போட்டுக்கொண்டு வெளியே வைத்துத் தட்டுங்கள். ஈரப் பூஞ்சையைத் தொட்டால் சாந்துபோல் பரவும்.

ஸ்கேன்

போஸ்ட் கார்டு அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி). அதைவிடச் சின்னதற்கு 1200. ஏ4 அளவை எட்டுவதற்கு 400 போதும். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் 24 பிட் வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும். பழுப்பின் சாயல், கறை, பென்சில் குறிப்பு எல்லாம் வண்ணத்தில்தான் பிரிந்து தெரியும். டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். ஐந்தரைக்கு மூன்றரை அங்குலப் படம் 600இல் சுமார் 20 எம்பி வரும், இன்றைய டிஸ்க்குக்கு அது ஒரு சுமையில்லை. ஸ்கேனரில் தானாகக் கறை நீக்குவது, தானாக வெளிச்சம் கூட்டுவது இரண்டையும் அணைத்துவிடுங்கள். மூக்குத்திக் கல்லைத் தூசி என்று நினைத்து அழித்துவிடும்.

முன்பக்கம் எடுத்த கையோடு பின்பக்கத்தையும் எடுங்கள், வெறுமையாக இருந்தாலும். அட்டையின் ஓரத்தை வெட்டாமல் முழு அட்டையும் வர வேண்டும். கோப்புப் பெயரில் ஊர், வீடு, இடம், எண், முன் அல்லது பின் என்ற ஐந்தும் இருக்கட்டும்.

ஸ்கேனரில் அடங்காத பெரிய படத்துக்கு ஃபோன் கேமரா போதும். நேர் வெயில் படாத இடத்தில் படத்தைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் 45 பாகைச் சாய்வில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு வையுங்கள். கண்ணாடியில் உங்கள் உருவம் தெரியாமலிருக்க, கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் பின்னால் நின்று எடுங்கள். 2 மடங்கு லென்ஸை வைத்துக் கொஞ்சம் தள்ளி நின்றால் ஓரங்கள் வளையாது. ஃபிளாஷ் கூடாது. அடியில் ஓர் அடி ஸ்கேல் வைத்து ஒரு படம் கூடுதலாக எடுங்கள், அளவு பிற்பாடு தேவைப்படும்.

படத்தைப் படிப்பது

முகத்தைக் கடைசியாகப் பாருங்கள். ஒரு கல்யாணக் குரூப் படம் கையில் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ஸ்கேனை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இடது மேல்மூலையில் தொடங்கி, கட்டம் கட்டமாக வலப்பக்கம் நகருங்கள். மேலே தூணின் தலைப்பு தெரிந்தால் வளவில் எடுத்ததா முகப்பில் எடுத்ததா என்று பிடிபடும். திரைச்சீலை கட்டியிருந்தால் அதன் அடி ஓரத்துக்கு வாருங்கள். வீட்டுக்கு வந்து எடுக்கும் ஸ்டூடியோக்காரர் பூந்தோட்டமும் பளிங்குப் படியும் வரைந்த திரையைத் தொங்கவிட்டு, முன்னால் ஜமக்காளம் விரிப்பார். ஜமக்காளம் முடியும் இடத்தில் அரையடிக்கு உண்மையான தரை தெரியும். அது ஆத்தங்குடிக் கல்லா, சிமெண்டா, மண் முற்றமா என்பது வீட்டின் எந்தக் கட்டு, எந்தக் காலம் என்பதற்குத் துப்பு. சுவரில் மரப்பட்டை மேல் ஓடும் மின்கம்பி, தொங்கும் மண்ணெண்ணெய் விளக்கு, காலண்டர், கடிகாரம் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, வீட்டின் வாசல் திசை தெரிந்தால், காலையா மாலையா என்றும் சொல்லிவிடலாம்.

ஓரத்தில் பாதி உடம்பு மட்டும் விழுந்தவர்களை விட்டுவிடாதீர்கள். தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் சமையல்கார அம்மா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பெண், வண்டிக்காரர். ஸ்டூடியோவில் இவர்கள் தனிப்படம் எடுத்துக்கொண்டிருக்க வாய்ப்புக் குறைவு, இந்த ஓரம்தான் அவர்களுடைய ஒரே படமாக இருக்கும்.

குழப்பம் தரும் சில வகைகளை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. பூ ஜடை தைத்த பெண் பக்கவாட்டில் உட்கார, பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து ஜடையையும் காட்டும் படத்தில் இரண்டு பெண்கள் இருப்பதுபோல் தோன்றும். பாவாடை, பூ, நெற்றிச்சுட்டியோடு நிற்கும் மூன்று வயசுக் குழந்தை பையனாகவும் இருக்கலாம். முடி இறக்குவதற்கு முன் ஆண் பிள்ளைக்குப் பெண் வேஷம் போட்டுப் படம் எடுப்பது தமிழ்நாடு முழுக்க வழக்கம். புருஷனும் பெண்சாதியுமாக உட்கார்ந்த படத்தில் இருவர் மேலும் வெளிச்சம் வேறு வேறு திசையில் விழுந்தாலோ, தோள் ஓரத்தில் கத்தரிக்கோல் கோடு தெரிந்தாலோ, இரண்டு தனிப்படத்தை ஒட்டி மறுபடி எடுத்தது என்று அர்த்தம். அவர் பர்மாவில், ஆச்சி ஊரில் என்று மூன்று வருஷக் கணக்குக்குப் பிரிந்து வாழ்ந்த ஊரில் இது அதிசயமில்லை. மாலை போட்டு நாற்காலியில் சாய்த்து, சுற்றிலும் குடும்பம் நிற்க, கண் மட்டும் தூரிகையால் வரைந்ததுபோல் தெரியும் படம், இறந்தவரை உட்காரவைத்து எடுத்தது. நெற்றிக் காசையும் தாடைக்கட்டையும் தேடுங்கள். இதை வீட்டாரிடம் காட்டும்போது முதலில் சொல்லிவிட்டுக் காட்டுவது மரியாதை.

கிட்டங்கிப் படத்தில் ஆட்களின் வரிசையே பதவியைச் சொல்லும். நடுவில் மேலாள் (தலைமை ஏஜெண்ட்), இரு பக்கமும் அடுத்தாட்கள், ஓரத்தில் அல்லது முன்னால் தரையில் பெட்டியடிப் பையன் (எடுபிடியாக வேலை பழகுபவன்). ஒவ்வொருவர் முன்னாலும் உள்ள கைப்பெட்டி, பின்னால் கணக்கு நோட்டு அடுக்கு, சாமி படம் இவற்றை எண்ணிக் குறியுங்கள். கைப்பெட்டி இல்லாமல் நிற்பவர் சமையல்காரராகவோ, அன்று வந்திருந்த விருந்தாளியாகவோ இருக்கலாம்.

காலம் கணிப்பது

முதலில் தாள். லென்ஸில் பார்க்கும்போது காகித நார் தெளிவாகத் தெரிந்து, தாள் மிக மெல்லியதாக அட்டையில் ஒட்டியிருந்து, வெளிச்சப் பகுதி மஞ்சளித்திருந்தால் முட்டைவெண்கரு பூசிய ஆல்புமென் தாள். பெரும்பாலும் 1900க்கு முற்பட்டது. நார் தெரியாமல், மேலே சொன்ன வெள்ளி மினுமினுப்பு இருந்தால் ஜெலட்டின் தாள், அது இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கும் பொருந்தும். ரம்பப் பல் மாதிரி வெட்டிய ஓரம் பெரும்பாலும் 1940 முதல் 60கள் வரை. ஆறு சென்டிமீட்டர் சதுரப் படம் 120 ரோல் ஃபிலிமில் அக்ஃபா கிளிக் மாதிரிக் கேமராவில் வீட்டுக்காரர்களே எடுத்தது, 1960, 70கள். செக்கச் செவேலென்று வெளிறிய கலர்ப் படம் 1970, 80கள். பச்சை கலந்த நீலச் சாயம் முதலில் போவதால் வரும் சிவப்பு அது. சுவரில் தொங்கும் பெரிய படம் பலமுறை சின்னப் படத்திலிருந்து பெரிதாக்கிய நகல். அதில் தாளின் வயசு ஒன்று, உடையின் வயசு வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

அடுத்து முத்திரை. அட்டையின் வலது கீழ்மூலையில் மையில்லாமல் அழுத்திய முத்திரை இருக்கும். டார்ச்சைப் படத்தோடு படுக்கவைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் எழுத்து எழும்பித் தெரியும். ரங்கூன், மௌல்மீன், பினாங்கு, கொழும்பு, சைகோன் எல்லாம் செட்டிநாட்டில் கிடைக்கக் கூடியவையே. கொழும்பு பிளேட் கம்பெனி என்ற ஸ்டூடியோ 1890இல் தொடங்கியது, அதற்கு முந்தைய படத்தில் அந்தப் பெயர் இருக்க முடியாது. ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு போட்டது 1941 டிசம்பர், அதன் பிறகுதான் பலரும் நடந்தே ஊர் திரும்பினார்கள். ஆகவே ரங்கூன் ஸ்டூடியோப் படங்களில் பெரும்பகுதி அதற்கு முந்தையது. உள்ளூர் ஸ்டூடியோ முத்திரையில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட்டுக்குப் பிந்தையது. ராமநாதபுரம் மாவட்டம் என்று காரைக்குடி முகவரியில் இருந்தால் பெரும்பாலும் 1985க்கு முன். பழைய முத்திரையையே பத்து வருஷம் குத்திக்கொண்டிருக்கும் ஸ்டூடியோக்களும் உண்டு என்பதால் ‘பெரும்பாலும்’.

பின்பக்கக் கையெழுத்தில் ஆங்கிலத் தேதி இல்லாமல் ‘தாது ௵ தை ௴’ என்று இருக்கும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. அறுபது வருஷச் சுற்றில் பிரபவ 1927, தாது 1936, சித்திரபானு 1942, சர்வசித்து 1947. வருஷம் சித்திரையில் பிறப்பதால் தாது வருஷம் தை என்பது 1937 ஜனவரி, பிப்ரவரி. 1936 என்று எழுதிவிடுவது எல்லோரும் செய்யும் பிழை. அதே தாது 1876இலும் வந்தது, பெரும் பஞ்சத்துக்குப் பேர் கொடுத்த வருஷம் அதுதான். 1996இலும் வந்தது. அறுபது வருஷ இடைவெளியில் எது என்பதைத் தாளே தீர்த்துவைக்கும். கல்யாணப் படமென்றால் இசைகுடிமானத்தை (நகரத்தார் கல்யாண ஒப்பந்தப் பத்திரத்தை) தேடி எடுங்கள், தேதி அதில் இருக்கும். சீர்ச் சாமான் பரப்பி எடுத்த படத்தை அந்தக் கல்யாணத்துச் சாமான் சிட்டையோடு (பட்டியலோடு) ஒப்பிட்டால் பித்தளை, எனாமல், வெள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு கிடைக்கும்.

பேர் கேட்பது

படத்தை ஏ4 தாளில் அச்சிட்டு, மேலே டிரேசிங் தாள் வைத்து ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டுக்கொண்டு போங்கள். மூலப் படத்தைக் கையில் கொடுக்காதீர்கள், விரல் முகத்தின் மேல்தான் போகும். ஃபோனில் பேச்சைப் பதிவு செய்ய அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். ‘இது யார் ஆச்சி?’ என்று தொடங்கினால் ‘தெரியலையப்பா’ என்று முடிந்துவிடும். ‘இந்தக் கழுத்துரு யாருக்குப் பூட்டுனது ஆச்சி?’, ‘இந்தக் கெணறு எந்த வீட்டுக் கெணறு?’ என்று பொருளிலிருந்து கேளுங்கள் (கழுத்துரு என்பது நகரத்தார் கல்யாணத் தாலி). பேர் தானாக வரும். இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு, பேர் மாறினால் இரண்டையும் சொன்னவர் பேரோடு எழுதுங்கள். வேலை பார்த்தவர்களின் பேரை அவர்கள் குடும்பத்தாரிடமே போய்க் கேட்க வேண்டும், பெரிய வீட்டில் பாதி நேரம் ‘சமையக்காரர்’ என்றுதான் வரும்.

‘அப்பத்தா’ என்று எழுதிவைத்தால் இருபது வருஷம் கழித்து அது யாருடைய அப்பத்தா என்று தெரியாது. முழுப் பேர், வீட்டு விலாசம் (முன்னோர் பேர்களின் இனிஷியல் தொடர்), கோவில் (நகரத்தாரில் எந்தக் கோவில் பிரிவு என்பது), ஊர் நான்கும் வேண்டும். பேரனுக்கு ஐயா பேரை வைக்கும் வழக்கத்தால் ஒரே பேர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும். விலாசத்தின் இனிஷியல்களும் பாதிக்கு மேல் ஒன்றாக இருக்கும். எனவே இன்னாருடைய மகன், இன்னாரைக் கட்டியவர் என்பதையும் சேருங்கள். பிள்ளை கூட்டப்பட்டவர் என்றால் பிறந்த வீடு, வந்த வீடு இரண்டும். குறிப்பைப் படத்தின் பின் ஓரத்தில், கெட்டியான பரப்பில் வைத்து, 2பி பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் புடைத்துத் தெரியும். பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது, உறையின் மேல் எழுதிவிடுங்கள்.

வைப்பது

மேல்மாடி பரணும் வெளிச்சுவரை ஒட்டிய இரும்பு அலமாரியும் வேண்டாம். வெயிலும் ஈரமும் மாறி மாறி அடிக்கும். கனத்த சுவருள்ள உள்வீட்டில், தரையிலிருந்து அரையடி உயர்த்திய மரப்பலகை மேல் வையுங்கள். அமிலமில்லாத தாள் உறை அல்லது பாலிப்ரோப்பிலின், மைலார் உறை நல்லது. புது ரெயின்கோட் வாடை வரும் பிவிசி உறை படத்தோடு ஒட்டும். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று ஒரு சின்ன மீட்டர் காட்டும். பாச்சை உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும். வேப்பிலையும் வசம்பும் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே வைத்தால் கறை.

பசைத் தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடும் 1980கள் ஆல்பத்தை முதலில் பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுங்கள். பிறகு படத்துக்கு அடியில் நல்ல கெட்டி நூலைக் கொடுத்து, ரம்பம் அறுப்பது போல் மெல்ல இழுத்தால் பிரியும். பிரியாததைப் பக்கத்தோடு விட்டுவிடுங்கள்.

கண்ணாடி நெகட்டிவ் கிடைத்தால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், தனித்தனித் தாளில் சுற்றி, நீளப்பக்கத்தை அடியில் வைத்து நிறுத்துங்கள். டேப்லெட்டில் வெள்ளைத் திரை வைத்து, இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் நெகட்டிவைத் தாங்கிப் படம் எடுத்து, கணினியில் கறுப்பு வெள்ளையை மாற்றிக்கொள்ளலாம். இடம் வலம் மாறியிருக்கிறதா என்பதை எழுத்தை வைத்தோ கோட்டின் மார்புப் பையை வைத்தோ பாருங்கள், பை இடப்பக்கம் வர வேண்டும். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய பழைய ஃபிலிம் நெகட்டிவ் மஞ்சளித்துப் பிசுபிசுத்தால் நைட்ரேட்டாக இருக்கும். எளிதில் தீப்பிடிப்பது. கொளுத்திப் பார்த்துச் சோதிக்கும் பழக்கம் ஆபத்து. விளக்கு, அடுப்பு, பூஜை அறை எல்லாவற்றிலிருந்தும் விலக்கி, காற்றுப் போகும் தாள் உறையில் தனியாக வையுங்கள். வினிகர் வாடை அடிப்பது அசிடேட் ஃபிலிம், அதன் ஆவி பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும் என்பதால் அதையும் தள்ளி வைக்க வேண்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் சட்டத்துக்காக விற்கும் படங்களை வாங்குவதானால், எந்த ஊர், எந்தத் தெரு வீட்டிலிருந்து வந்தது என்று வாங்கும்போதே கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள், பிறகு கேட்டால் கடைக்காரருக்கே நினைவிருக்காது. சேகரிப்பை ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்க நினைத்தால், கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்ததிலிருந்து பிறந்து 1994இல் சென்னைக்குப் போன ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், தமிழ் ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டலாக்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இருக்கின்றன. ஸ்கேனையும் பேர்ப் பட்டியலையும் கொடுத்து, உயிரோடிருப்பவர் படத்தை யார் பார்க்கலாம், எங்கே வெளியிடலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டிஃப் கோப்புகளுக்கு மூன்று பிரதி: இரண்டு வேறு வேறு டிஸ்க்கில், அவற்றில் ஒன்று வேறு ஊரிலிருக்கும் பங்காளி வீட்டில், மூன்றாவது இணையச் சேமிப்பில். ஆடி மாதம் ஊருக்கு வரும்போது டிஸ்க்கைச் செருகி நாலைந்து கோப்பைத் திறந்து பார்த்துவிடுங்கள்.